தக்காளிச் செடி கதறியதாக வந்த கட்டுரை குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீர் கிடைக்காத தக்காளிச் செடி வலியில் கதறுகிறது என்ற தலைப்போடு உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளியில் 29 ஆண்டுகள் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அன்று மாலை, எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி பாடவேலைக்காக ஓர் இலையைக் கிள்ளப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "கத்துமாம் பாட்டி" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆய்வில் குறையில்லை. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லிலாக் ஹடானி குழுவினர் 2023 மார்ச்சில் 'செல்' ஆய்விதழில் வெளியிட்டது அது. தக்காளி, புகையிலைச் செடிகளுக்கு 10 சென்டிமீட்டர் பக்கத்தில் ஒலிவாங்கிகளை வைத்துக் கேட்டார்கள். தண்ணீரின்றி வாடிய தக்காளிச் செடி மணிக்கு ஏறத்தாழ 35 முறை 'டிக்' என்றது. நன்றாக நீர் ஊற்றிய செடியில் மணிக்கு ஒன்றுகூட வரவில்லை. இந்த ஒலியின் அதிர்வெண் 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது 20-க்கு மேல் கேட்காது. நீங்கள் இணையத்தில் போட்டிருந்த ஒலிப்பதிவு நம் காதுக்கு எட்டுவதற்காக அதிர்வெண் குறைக்கப்பட்டது. அதைக் கட்டுரை சொல்லவில்லை. இன்னொன்றையும் பாருங்கள்: மணிக்கு 35 என்றால் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு ஒரு 'டிக்'. உங்கள் பதிவில் அவை படபடவென்று வருகின்றன. கேட்பவர் அழுகை என்றுதானே நினைப்பார்?

சரி, அந்த 'டிக்' எங்கிருந்து வருகிறது? ஆய்வகத்தில், வெட்டிய கிளை எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கேனாங் போட்டோமீட்டரைக் கையாண்ட எந்த மாணவருக்கும் இதில் பாதி தெரியும். கிளையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துத்தான் வெட்ட வேண்டும் என்று ஆண்டுதோறும் சொல்வேன். ஆண்டுதோறும் யாராவது வெளியில் வெட்டிக் கொண்டு வருவார்கள், கருவி வேலை செய்யாது. கண்ணாடிக் குழாயில் நகர வேண்டிய காற்றுக்குமிழி ஒன்று, தண்டுக்குள் நுழையவே கூடாத குமிழி இன்னொன்று. இந்த இரண்டாவது குமிழியை விளக்கத்தான் எனக்கு ஒரு பாடவேளை முழுவதும் ஆகும்.

இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, செடியில் நீரைக் கடத்தும் சைலம் குழாய்களில் இருக்கும் நீர் மேலே இழுக்கப்படுகிறது. வேர் முதல் இலை வரை அது இழுத்துக் கட்டிய கம்பி போல விறைப்பாக நிற்கும். மண் காயக் காய இழுவிசை ஏறும். ஒரு கட்டத்தில் பக்கத்தில் உள்ள காற்று ஒரு குழாய்க்குள் உறிஞ்சப்பட்டுக் குமிழியாகி, நொடிக்கும் குறைவான நேரத்தில் விரியும். நீர்த்தம்பம் அறுந்துவிடும். அந்த அதிர்வுதான் 'டிக்'. ஹடானி குழுவினரும் இதையே காரணமாகக் கருதுகிறார்கள். ஆமணக்கு இலைக்காம்பில் அதிர்வு உணரியைப் பொருத்தி, நீர்த்தம்பம் அறுவதை மில்பர்னும் ஜான்சனும் 1966-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். காற்றின் வழியே சற்றுத் தள்ளியிருந்தும் அதைப் பிடிக்கலாம் என்பதுதான் 2023-இன் புதுமை.

என் பேத்தியிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: முதிர்ந்த சைலம் குழாய் உயிருள்ள செல் கிடையாது. தன் உள்ளடக்கத்தையெல்லாம் இழந்து, சுவர் மட்டும் மிஞ்சிய வெற்றுக் குழாய். சத்தம் வருவது அங்கிருந்து. செடி முற்றிலும் காய்ந்து சாகும் நிலைக்கு வரும்போது 'டிக்' கூடாமல் குறைந்துவிடுகிறது, அறுவதற்குத் தண்ணீர் இல்லாததால்.

இதனால் செடி எதையும் உணர்வதில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உணர்கிறது, அதை நாம் கண்ணாலேயே பார்க்கலாம். மசட்சுகு டொயோட்டா, சைமன் கில்ராய் ஆகியோரின் குழு 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட காணொளியைத் தேடிப் பாருங்கள். அரபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்துச் சிறு செடி. கால்சியம் கூடும் இடத்தில் பச்சையாக ஒளிரும் புரதத்தை அதன் செல்களில் புகுத்தியிருந்தார்கள். ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த புரதத்தை மாற்றி அமைத்தது அது. ஒரு புழு இலையைக் கடிக்கிறது. கடித்த இடம் ஒளிர்கிறது. அப்புறம் அந்த ஒளி இலை நரம்பு வழியே (இலையில் கோடுகளாகத் தெரிபவை, நம் உடல் நரம்பு போன்றவை அல்ல), நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில், கடிபடாத இலைகளுக்குப் பரவுகிறது. முதன்முதலில் பார்த்த அன்று நான்கு முறை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

காயம்பட்ட செல்களிலிருந்து கசியும் குளூட்டமேட் இந்த அலையைத் தொடங்கி வைக்கிறது. நம் மூளையில் நரம்புச் செல்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அதே குளூட்டமேட்தான். குளூட்டமேட்டை உணரும் ஜிஎல்ஆர் 3.3, ஜிஎல்ஆர் 3.6 என்ற இரண்டு ஏற்பிப் புரதங்கள் இல்லாத செடியில் அலை தூரத்து இலைகளுக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அலை சேர்ந்த இலை ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோனைத் தயாரித்து, புழுவை எதிர்க்கத் தன்னை ஆயத்தப்படுத்துகிறது. மூளை இல்லை, நரம்புச் செல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஓர் இலைக்கு நேர்ந்தது இன்னோர் இலைக்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. இதைக் கதறல் என்று எழுதிவிட்டால், இத்தனையும் எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டிய பிள்ளை, பாவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

இதே ஹடானியின் சகாக்கள் 2025-இல் செய்த வேலையில், பெண் அந்துப்பூச்சிகள் இந்த 'டிக்' ஒலி வரும் செடியைவிட ஒலி இல்லாத செடியில் முட்டையிடுவதையே விரும்பின. செடி பூச்சியிடம் பேசுகிறது என்று இதற்கும் தலைப்பு வைத்துவிடாதீர்கள். சமையலறையில் பால் பொங்கும் சத்தம் நமக்குச் செய்தி. பால் நம்மை அழைக்கவில்லை.

முடிந்தால் இணையப் பதிப்பில் தலைப்பை மாற்றுங்கள். அது இயலாவிட்டால், ஒலிப்பதிவுக்குக் கீழே "அதிர்வெண் குறைக்கப்பட்டது" என்ற இரண்டு சொற்களையாவது சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை