தொட்டியம் முத்திரை

ஈப்போ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா? உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமலே இருந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எங்கள் தாத்தாவின் ஊர் கிடைத்துவிட்டது.

ஆமாம்டி, ஊர். திருச்சிப் பக்கம், காவிரிக்கு வடகரையில், தொட்டியம். நம் ரப்பர் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் தாத்தாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொல்வார்கள், உனக்கே தெரியும்: "மாரிமுத்து சயாமுக்குப் போனவரு." அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தார் என்று என் அப்பா சாகும்வரை யாருக்கும் தெரியவில்லை. பாட்டி தடுக்கி விழுந்தால்கூட "மதுரகாளி தாயே" என்று கத்துவாளே, நீ அவளைப் போலவே செய்து காட்டி உதை வாங்குவாயே, அந்த மதுரகாளியின் கோயில் தொட்டியத்தில்தான் இருக்கிறது! விடை நம் காதில் தினமும் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். போன மாதம் அத்தை வீட்டைக் காலி செய்து மகளோடு போனார். சாமான் கட்டப் போயிருந்தேன். பாட்டியின் பழைய மைலோ டின் ஒன்று, உள்ளே பாக்குவெட்டி, அடியில் துணியில் சுற்றிய காகிதம். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, ஏதோ கடை ரசீது என்று வைத்திருந்தாராம். பிரித்துப் பார்த்தால் கடிதம். உறையில் ஆறாம் ஜார்ஜ் தலை ஒட்டியிருக்கிறது. முத்திரையில் தொட்டியம் என்ற பெயரும் 1941 நவம்பரும் தெளிவாக விழுந்திருக்கின்றன. மடிப்பு ஓடிய இடமெல்லாம் காகிதம் நைந்து ஒளி தெரிகிறது. தாத்தாவின் அக்காள் யாரையோ கொண்டு எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"தம்பி மாரிமுத்துக்கு அக்காள் ஆசீர்வாதம். இவ்விடம் சேமம், உன் சேமத்துக்கு எழுதவும். நீ அனுப்பிய ரூபாய் 15 வந்து சேர்ந்தது. கூரைக்கு ஓலை வாங்கியாச்சு. மகளுக்கு மொட்டை நம்ம மதுரகாளிக்குத்தான் என்று எழுதியிருந்தாய். எப்போது கூட்டி வருகிறாய்?"

சரசு, அந்த 15 ரூபாயை நினைத்துப் பார். அன்று ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு மலாயா டாலருக்கு, ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். தாத்தா வந்த புதிதில் ஆண்களுக்கு நாள் கூலி 50 காசு. உலக மந்தம் வந்ததும் அதையும் 40 காசாக்கினார்கள். ரப்பர் விலை விழுந்ததால் ஆள் வேண்டாம் என்று கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிய காலம் அது. அப்போதும் தாக்குப்பிடித்து நின்று, இங்கே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, மாதக் கூலியில் பாதிக்கு மேலான தொகையை அக்காளுக்கு அனுப்பியிருக்கிறார். இதுவரை அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போனது மட்டும்தான். அக்காள் வீட்டுக் கூரைக்குக் கவலைப்பட்ட மனுஷர் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அந்தக் கடிதம் இங்கே வந்து சேர்ந்திருக்கும், டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கிவிட்டான். அதோடு தபால் போயிற்று, மணியார்டரும் போயிற்று. 1943இல் மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டியும் பிடித்துப் போட்டும் தோட்டத்து ஆட்களை ரயில் ஏற்றினார்கள். தாத்தா போனது அப்படித்தான். சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாள வேலைக்கு. காலராவிலும் பட்டினியிலும் செத்துப்போன நம் ஆட்களின் பெயர்களைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயரும் வயதும் வெட்டியிருக்கிறது. நம் ஆட்களை மூங்கில் காட்டிலேயே எரித்தார்கள், புதைத்தார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

தாத்தாவின் பெயர் இருக்கிற காகிதங்கள் மொத்தம் மூன்று. இந்தக் கடிதம் ஒன்று. அப்பாவின் 1934ஆம் வருஷத்துப் பிறப்புப் பத்திரம் இன்னொன்று, அதில் தகப்பன் பெயரை ஆங்கிலத்தில் 'மரிமூடு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது நம் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. தலைமையாசிரியர் நல்ல மனுஷி, பீரோவைத் திறந்து உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். 1946இல் அப்பாவைச் சேர்த்திருக்கிறார்கள். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் வாத்தியார் நீல மையில் ஒரே சொல் எழுதியிருக்கிறார்: 'சயாம்'. அதே பக்கத்தில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு அதே சொல். ஒருவருக்கும் 'இறந்துவிட்டார்' என்று எழுதவில்லை. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பது என்ன தெரியுமா? தொட்டியத்தில் இருந்த அந்த அக்காள். அவருக்கு எல்லாம் 1941 நவம்பரோடு நின்றுவிட்டது. பதில் வரவில்லை, பணம் வரவில்லை. சண்டை முடிந்து தபால் மறுபடியும் ஓடியபோதும் ஒன்றும் வரவில்லை. பாட்டிக்கு எழுதத் தெரியாது, யாரிடமும் எழுதச் சொல்லவும் இல்லை. சீமைக்குப் போனவன் பெண்டாட்டி பிள்ளை என்று ஆனதும் கூடப்பிறந்தவளை மறந்துவிட்டான் என்றுதானே நினைத்திருப்பார்? அப்படியே நினைத்துக்கொண்டே செத்தும் போயிருப்பார். அவர் வழியில் வந்தவர்கள் இருந்தால், எங்கள் தாத்தா மறக்கவில்லை, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நேரில் சொல்லவேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

என் தம்பி வேண்டாம் என்கிறான். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, போய் நின்றால் சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்பார்களாம். சொல்லட்டும். கடிதத்தை நகல் எடுத்துக் கையில் கொடுத்து, அவர்கள் ஊற்றுகிற தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். கடிதத்தில் வீட்டு விலாசம் இல்லை, அதனால் கோயிலில்தான் முதலில் விசாரிக்கவேண்டும். குலதெய்வத்துக்கு வரி கொடுக்கிற குடும்பங்களைப் பூசாரிக்குத் தெரியாமல் இருக்காது.

அப்புறம் அத்தை. கடிதத்தைப் படித்துக் காட்டினேன் அல்லவா, அந்த மொட்டைக்குரிய மகள் அவர்தான். அப்போது ஒரு வயது. கேட்டுவிட்டுப் பேசவே இல்லை. மறுநாள் காலையில் போன் பண்ணி, "பாஸ்போர்ட்டுக்கு எங்கே படம் எடுக்கணும்?" என்றார். இந்த வயதில், முழங்கால் வலியோடு! பங்குனித் திருவிழாக் கூட்டம் அவருக்குத் தாங்காது, அதனால் தை மாதமே போகலாம் என்றிருக்கிறேன். எனக்குத் தனியாகச் சமாளிக்க முடியாது. நீ வருவாயா? சாப்பாட்டுக்குப் பயப்படாதே, உன் சம்பால் பாட்டிலை நானே தூக்கி வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு உதவி. தோட்டத்தில் அடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களில் இப்போது இருப்பது உன் அம்மா மட்டும்தான். நினைவு நன்றாக இருக்கிற காலை வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து கேள். லாரி வந்த அன்று எங்கள் தாத்தாவோடு யார் யார் ஏறினார்கள்? திரும்பி வந்தவர் யாராவது பாட்டியிடம் ஏதாவது சொன்னாரா? பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றாததற்குக் காரணம் உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. நீ திருத்தாதே.

அன்புடன்,
உன் மணி