சாம் குக் பாட்டைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்றவனுக்கு

மச்சான்,

அமெரிக்கப் பாடகர் சாம் குக்கின் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டால் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாய். அவருடைய மெல்லிய ஹிட் பாட்டு 'யூ செண்ட் மீ'யோடு நிறுத்திக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்வதுதான். ஹார்லெம் ஸ்கொயர் கிளப் லைவ் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்பு சொல்.

பெயரில் ஹார்லெம் இருப்பதைப் பார்த்து, நியூயார்க்கில் இருக்கும் ஹார்லெம் என்று நினைக்காதே. மயாமியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஓவர்டவுன் பகுதியில் இருந்த கிளப் அது, 1963 ஜனவரி 12 ராத்திரி பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்டுடியோவில் வயலின்களோடு மெத்தென்று வந்த 'கியூபிட்' பாட்டை அங்கே டிரம்ஸும் கிடாரும் கிங் கர்டிஸின் சாக்ஸபோனும் முட்டித் தள்ளுகின்றன, அதற்கு மேலே குக் தொண்டை கரகரக்கக் கத்திப் பாடுகிறார். சோல் ஸ்டிரர்ஸ் குழுவோடு தேவாலயங்களில் காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்திப் பாட்டு பாடி ஜனங்களை எழுந்து நிற்க வைத்த ஆள்தானே, அந்தப் பழைய தொண்டைதான் இது.

எனக்கு உயிர் 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ'. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் பேச்சா பாட்டா என்று தெரியாமல் கூட்டத்தை இழுத்துக்கொண்டே போகிறார், நடுவில் நீ கேட்ட அதே 'யூ செண்ட் மீ'யில் ஒரு துண்டை மட்டும் பாடுகிறார், ஜனங்கள் அலறுகிறார்கள், மனுஷன் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். என்ன திமிர்! 'சென்டிமென்டல் ரீசன்ஸ்' வரும்போது கூட்டமே சேர்ந்து பாடுகிறது. அந்தக் கூட்டத்தைக் கழித்துவிட்டால் இந்த ஆல்பத்தில் பாதிதான் மிஞ்சும்.

இதைத்தான் ஆர்சிஏ இசைத்தட்டு கம்பெனி 22 வருஷம் பூட்டி வைத்திருந்தது. வெள்ளைக்காரர்களும் விரும்பி வாங்கும் பாப் பாடகர் என்று வளர்த்த பெயருக்கு இந்த முரட்டுத்தனம் ஒத்துவராது என்ற பயம். பதிலுக்கு 1964இல் நியூயார்க்கின் கோபகபானா கிளப்பில் அவர் பாடிய லைவ் ஆல்பம் கடைக்கு வந்தது. கோட்டு சூட்டு போட்ட கச்சேரி, மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பவ்யம் கொஞ்சம் அதிகம். அந்த டிசம்பரிலேயே குக் சுடப்பட்டு இறந்துபோனார், வயது 33. மயாமி பதிவு வெளிவந்தது 1985இல்.

மொத்தமே நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஷஃபிளில் மட்டும் போட்டுவிடாதே, ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் ஓடுகிறது, வரிசை கலைந்தால் எல்லாம் போச்சு. வால்யூமையும் கொஞ்சம் ஏற்றி வை. அப்படியும் தூக்கம் வந்தால் சரி, சண்டை வேண்டாம், இன்னொரு பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் பக்கம் போவோம்.