கரிகாலனைக் கொன்றது யார்?

அன்புள்ள மகளுக்கு,

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. "சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி தெளிவாகச் சொல்லவே இல்லையே அம்மா" என்று கோபப்பட்டிருக்கிறாய். எனக்கோ அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் கரிகாலனின் தம்பி ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களை அது குறிப்பிடுகிறது. அவர்களுடைய நிலங்களும் உறவினர் நிலங்களும் பறிபோன செய்தியும் உண்டு. ஏன் கொன்றார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த 'ஏன்' என்ற இடத்தில்தான் கல்கி நந்தினியை நிறுத்தினார். அவள் முழுக்கக் கற்பனை. 'பாண்டியன் தலைகொண்ட' என்பது கரிகாலனுக்குக் கல்வெட்டு தரும் பட்டம். அந்தப் பாண்டியனின் உயிருக்காக அவள் தன்னைக் காதலித்த கரிகாலனிடமே மன்றாடினாள் என்று எழுதினார் பார், அந்தப் பட்டத்தை அதற்கப்புறம் என்னால் பெருமையாகப் படிக்கவே முடிவதில்லை. காதலை எடுத்துவிட்டால் அந்தக் கொலைக்கு உயிரே கிடையாது.

நீ கரிகாலனின் தங்கை குந்தவையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. குடந்தை சோதிடர் வீட்டில் பார்த்த நாள் முதல் அவள் மனசில் இருப்பவன் வந்தியத்தேவன். அவன்மேலேயே அவளுடைய தம்பியைக்... இல்லை, அண்ணனைக் கொன்ற பழி விழுகிறது. பாதாளச் சிறையில் கிடக்கிறான். அழுவதா, நம்புவதா? துப்பறியும் கதையில் சாட்சி வேண்டும். இங்கே ஒரு பெண் சாட்சி இல்லாமலே நம்ப வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் அவள் வந்தியத்தேவரின் மனைவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. முடிவு தெரிந்தும் எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 1950இலிருந்து 1954 வரை தொடராக வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் எப்படித்தான் தாங்கினார்களோ!

சரி, அடுத்து 'பார்த்திபன் கனவு' எடு. இதற்கு முன்பே எழுதியது, அளவிலும் சின்னது. பல்லவச் சக்கரவர்த்தியின் மகள் பகைவனின் மகன்மேல் ஆசை வைக்கிறாள். நடுவில் ஒரு சிவனடியார் வந்து வந்து போவார். அவர்மேல் ஒரு கண் வைத்துக்கொள். யாரென்று பிடிபட்ட அன்றைக்கு, எந்த அத்தியாயத்தில் சந்தேகம் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா