‘பேரியாட்ரிக்’ என்று லேபிளில் போட்டு நீங்கள் விற்கும் வைட்டமின் மாத்திரை பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

வணக்கம்.

நான் எடை குறைப்பதற்காக வயிற்றில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிக்கொடுத்த மாத்திரை எங்கள் பக்கத்து மெடிக்கலில் கிடைக்காமல் போனபோது, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது உங்களுடையது. டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘பேரியாட்ரிக் மல்டிவைட்டமின்’, அதாவது எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான வைட்டமின், அதற்குக் கீழே ‘தினமும் ஒன்று போதும்’, அதற்கும் கீழே ‘டாக்டர்கள் பரிந்துரைப்பது’. அன்றிலிருந்து ஒரு வேளை விடாமல் போட்டு வருகிறேன். இப்போது வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9, பி12 170, இரண்டுமே குறைவு; பாராதைராய்டு ஹார்மோன் லேப் குறித்திருக்கும் எல்லையைத் தாண்டி நிற்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் கால் விரல்கள் மரத்துப்போகின்றன. டயட்டீஷியன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தோம்.

முதலில் கால்சியம். முன்பக்கத்தில் ‘கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி.’ என்று போட்டிருக்கிறீர்கள். சிட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது சரிதான், அதில் எனக்குக் குறை இல்லை. இன்னொரு வகையான கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், எங்களுக்கு மிஞ்சியிருக்கும் சின்னப் பையில் அமிலம் ரொம்பக் குறைவு, அதனால் சிட்ரேட்தான் எங்களுக்கு ஏற்றது. ஆனால் கால்சியம் சிட்ரேட்டில் உண்மையான கால்சியம் சுமார் 21 சதவீதம்தான். அதாவது உங்கள் 1000-இல் எலும்புக்குப் போகக்கூடிய கால்சியம் 210 மி.கி. இந்த 210 என்ற எண் உங்கள் டப்பாவில் எங்கேயும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. பைபாஸ் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து 1200 முதல் 1500 மி.கி. இது என் கணக்கு இல்லை, அமெரிக்க மெட்டபாலிக் மற்றும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைச் சங்கமும் வேறு சில மருத்துவச் சங்கங்களும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில் இருப்பது. கேழ்வரகுக் கஞ்சி, தயிர், கீரை என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாலும், ஒரு வேளைக்கு அரை கிண்ணம் இறங்குவதே பெரிய விஷயமாக இருக்கும் எனக்கு ஒரு 400 மி.கி. வரும் என்று வைத்துக்கொண்டால்கூட, மீதிக்கு உங்கள் மாத்திரையில் நான்கைந்து போட வேண்டும். அப்படியானால் 60 மாத்திரை உள்ள டப்பா பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். நீங்கள் அதை ‘இரண்டு மாத பேக்’ என்று விற்கிறீர்கள்.

இதை உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேட்டபோது பேசியவர், “மேடம், உங்க பிளட் கால்சியம் நார்மலா இருக்கே, அப்ப மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றார். இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தாங்காது, அதனால் உடம்பு எப்பாடுபட்டாவது அந்த அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் போதிய அளவு வரவில்லை என்றால், பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தை நிரப்பும். என் வைட்டமின் டி அளவு சரியாக இருக்கிறது, அதை ஆஸ்பத்திரியில் தனியாகக் கொடுக்கிறார்கள். அப்படியும் அந்த ஹார்மோன் ஏறியிருக்கிறது என்றால் கால்சியம் போதவில்லை என்பதுதான் என் டாக்டர் சொன்னது. உங்கள் ஆள் நார்மல் என்று சொன்ன அந்தக் கால்சியம் என் எலும்பிலிருந்து வந்தது. இதைத் தெரியாதவரை பேரியாட்ரிக் நோயாளிகளிடம் பேச உட்கார வைக்கலாமா?

அடுத்து இரும்புச்சத்து. இதிலும் அதே வேலை. ‘ஃபெரஸ் ஃப்யூமரேட் 30 மி.கி.’ என்று இருக்கிறது, அதில் இரும்பு மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 10 மி.கி. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களில் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும், பைபாஸ் செய்தவர்களுக்கும் அதே வழிகாட்டு நெறியில் 45 முதல் 60 மி.கி. இரும்பு சொல்லியிருக்கிறார்கள். இரும்பை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடலைத்தான் எங்கள் அறுவை சிகிச்சையில் ஒதுக்கி விடுகிறார்கள், சாப்பாடு அந்த வழியாகப் போவதே இல்லை. எதற்காக எங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது என்பது இதிலேயே விளங்கும். போதாததற்கு அந்த 10 மி.கி.யையும் கால்சியத்தோடு ஒரே மாத்திரையில் சேர்த்து அடைத்திருக்கிறீர்கள். கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது எந்த பேரியாட்ரிக் டயட்டீஷியனும் முதல் நாளே சொல்வது. ‘எல்லாம் ஒரே மாத்திரையில்’ என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்கிறீர்கள். எங்களைப் பொறுத்தவரை அதுதான் உங்கள் மாத்திரையின் பெரிய குறை. கால்சியம் போதவில்லையே என்று ஒருவர் நான்கு மாத்திரையாகக் கூட்டிப் போட்டாலும் கூடவே இரும்பும் உள்ளே போகும், இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. காபி, டீயோடு போடக்கூடாது என்றுகூட உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டில் இல்லை. காலையில் காபி குடிக்காத வீடு எங்கள் திருச்சியில் எத்தனை இருக்கும்?

பி12 பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கால் மரத்துப்போவது அதனால்தான் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார், நரம்பு பாதிப்பை ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் முழுசாகத் திரும்பாமல்கூடப் போகலாம். உங்கள் மாத்திரையில் பி12 இருப்பது 2.2 மைக்ரோகிராம். நல்ல வயிறு உள்ள ஒருவருக்கு அந்த அளவு போதும். வயிறு சுரக்கும் ஒரு புரதம் பி12-ஐப் பிடித்துக்கொண்டு குடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். எங்களுக்கு வயிற்றின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டுவிட்டதால் அந்தப் புரதமும் பி12-உம் ஒழுங்காகச் சேர்வதில்லை. அந்தப் புரதத்தின் துணை இல்லாமல் குடல் சுவர் வழியாகத் தானாகக் கசிந்து உள்ளே போவது சுமார் ஒரு சதவீதம்தான். அதனால்தான் எங்களுக்கு வாய்வழியாகத் தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் கொடுக்கிறார்கள், இல்லையென்றால் ஊசி. 1000-இல் ஒரு சதவீதம் என்றால் 10 மைக்ரோகிராம் உடம்பில் சேரும். உங்கள் 2.2-இல் ஒரு சதவீதம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் சைவம், அதனால் கல்லீரலில் பழைய கையிருப்பும் அதிகம் இருந்திருக்காது. என்னைப் போன்றவர்கள் இந்த ஊரில் ஏராளம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் போடுபவர்களும் எங்களில் உண்டு, அதுவும் பி12-ஐக் குறைக்கும். இவர்களையெல்லாம் நினைத்துப் பார்த்துச் செய்த மாத்திரையாக இது தெரியவில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிவைட்டமின்தான், லேபிள் மட்டும் வேறு, விலை மட்டும் மூன்று மடங்கு.

‘உணவுச் சட்டப்படி தினசரி அளவுக்கு மேல் போட எங்களுக்கு அனுமதி இல்லை’ என்று உங்கள் மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். அந்த வரம்புக்குள் பேரியாட்ரிக் நோயாளிக்குத் தேவையான அளவைத் தர முடியாது என்று உங்களுக்கே தெரிகிறது, அப்புறம் எந்த நியாயத்தில் ‘பேரியாட்ரிக்’ என்று போட்டீர்கள்? மருத்துவத் தேவைக்கான சிறப்பு உணவு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தனிப் பிரிவே வைத்திருக்கிறது, மருந்து உரிமம் வாங்கிச் செய்யும் வழியும் இருக்கிறது. அந்த வழிக்குப் போகாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உணவுப் பொருளின் லேபிளில் டாக்டர்கள் பரிந்துரைப்பதாகப் போடுவதை உணவு லேபிள் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். பின்பக்கத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பொடி எழுத்து, முன்பக்கத்தில் டாக்டர் பெயர்.

இந்த எல்லாவற்றையும்விட என்னைப் பயப்பட வைத்தது அந்தத் துண்டுச்சீட்டில் இருக்கும் ஒரு வரி. ‘வாந்தி இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, வாந்தி முழுமையாக நின்றபின் தொடரவும்.’ அவ்வளவுதான், டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. உடம்பில் பி1 கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் விடாமல் வாந்தி எடுப்பவர், சாப்பாடும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் இருந்தால் பி1 அடியோடு குறைந்து மூளையைப் பாதிக்கும். கண் ஒழுங்காக நகராது, நடை தள்ளாடும், மனக்குழப்பம் வரும், நினைவே போய்விடக்கூடும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இன்னும் மோசமாகும். வாந்தி நிற்காதவர் செய்ய வேண்டியது உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது, அங்கே எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஆனதைச் சொல்லி பி1 ஊசி கேட்பது. நீங்கள் அவரை வீட்டில் காத்திருக்கச் சொல்கிறீர்கள். இந்தச் சீட்டை யார் எழுதினார்கள், எந்த மருத்துவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மாத்திரை பெரிதாக இருக்கிறது, விழுங்கச் சிரமம் என்று முன்பு ஒருமுறை சொன்னபோது மிட்டாய் மாதிரி மென்று சாப்பிடும் உங்கள் ‘கம்மி’ வைட்டமினை வாங்கச் சொன்னார்கள். அதில் இரும்பே இல்லை, பி1-உம் இல்லை, சர்க்கரை மட்டும் நிறைய. பைபாஸ் செய்தவருக்குச் சர்க்கரை மொத்தமாக உள்ளே போனால் வியர்த்துக்கொட்டி, படபடத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்துவிடும். முடி கொட்டுகிறதா என்று கேட்டு பயோட்டினையும் துத்தநாகத்தையும் தனி டப்பாவில் அனுப்பப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்கள் முடி கொட்டுவது சகஜம், வேகமாக எடை குறைவதால் வருவது, பெரும்பாலும் தானே நிற்கும். சீப்பில் கொத்தாக முடி வருவதைப் பார்த்து அழும் பெண்களிடம் இதைச் சொல்லாமல், 50 மி.கி. துத்தநாகத்தைத் தாமிரம் இல்லாமல் கொடுப்பது சரியில்லை. துத்தநாகம் அளவுக்கு மீறினால் தாமிரம் உடம்பில் சேராது, அதனாலும் ரத்தசோகையும் நரம்பு பாதிப்பும் வரும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டும்.

நான் கேட்பது இவைதான். இதுவரை வாங்கிய டப்பாக்களுக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள், பில்கள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் பணத்தைக் கொடுத்து இதை முடித்துவிட முடியாது. வாந்தி பற்றிய அந்தச் சீட்டை இப்போதே திரும்பப் பெறுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களின் போன் எண்கள் உங்களிடம் இருக்கின்றன, சலுகை விலை அறிவிக்க மட்டும் அந்த எண்களைப் பயன்படுத்தாமல் இதையும் சொல்லுங்கள். லேபிளில் சிட்ரேட், ஃப்யூமரேட் என்று சேர்மத்தின் மொத்த எடையைப் போடாமல், உண்மையான கால்சியம் எத்தனை, இரும்பு எத்தனை என்று முன்பக்கத்திலேயே போடுங்கள். மாத்திரையை மாற்றுகிறவரை ‘பேரியாட்ரிக்’ என்ற பெயரையும் ‘ஒன்று போதும்’ என்பதையும் எடுத்துவிடுங்கள்.

உங்களைப் போல இணையவழியிலும் விற்பவர்கள் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தக் கெடு தாண்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யிலும் புகார் பதிவு செய்வேன், தவறான விளம்பரம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதுவேன். போனில் பதில் வேண்டாம், எழுத்தில் தாருங்கள். டப்பாவின் இரண்டு பக்கப் படங்கள், துண்டுச்சீட்டு, லேப் ரிப்போர்ட், பில்கள் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்