டைனோசருக்கும் இறகு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் பகுதியில் வந்த டைனோசர் கட்டுரையில், ‘இந்த இனம் பூண்டோடு அழிந்துவிட்டது’ என்று எழுதியிருந்தீர்கள். படத்திலும் எல்லாம் செதில் போர்த்திய பச்சை உருவங்களே. என் பேத்தி அதை அப்படியே நம்பிவிட்டாள் என்பதால்தான் எழுதுகிறேன்.

1996-ல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் புதைபடிவத்தில், முதுகு நெடுக இறகு போன்ற மெல்லிய இழைகள் பதிந்திருந்தன. அதன் வயது சுமார் 12.5 கோடி ஆண்டுகள். எரிமலைச் சாம்பலும் ஏரியடிச் சேறும் மூடிக் காத்ததால்தான் அவ்வளவு மென்மையான பொருளும் தப்பியது. 2010-ல் அந்த இழைகளிலிருந்த நிறமித் துகள்களின் வடிவத்தைப் பார்த்து, வாலில் செம்பழுப்பு வரிகள் இருந்ததைக்கூடக் கண்டறிந்தார்கள். எப்பேர்ப்பட்ட வேலை!

டைரனோசரஸின் உறவான யூடைரானஸ் சுமார் 9 மீட்டர் நீளம். பறக்கவே முடியாத அதற்கும் இறகிழைகள் இருந்தன. ஆகவே இறகு முதலில் உடல்சூட்டைக் காக்கவே உதவியிருக்கலாம்.

என்னை நெகிழவைத்தது மெய் லாங். வாத்து அளவேயான இந்த டைனோசர், கால்களை மடக்கி, தலையைத் திருப்பி முன்கையருகே செருகி, உறங்கிய கோலத்திலேயே கல்லாகிக் கிடக்கிறது. எங்கள் வீட்டுக் கோழியும் தலையைத் திருப்பிச் சிறகில் புதைத்துத்தான் உறங்குகிறது.

அடுத்த முறை இறகோடு வரைந்து வெளியிடுங்கள். காகமும் கோழியும் அந்த மரபில் எஞ்சியவை என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

– ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, கரூர்