சுனாமி குவார்ட்டர்ஸில் பணம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை வருமானத்துக்காக வீடு வாங்கிப் போடுவது பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி எழுதுகிறீர்கள். வடசென்னையில் அந்தப் பேச்சு போகிற திசை கவலையாக இருப்பதால் இதை எழுதுகிறேன். எர்ணாவூர் பக்கம் டீக்கடையில் லேசாக விசாரித்தாலே போதும். "சுனாமி குவார்ட்டர்ஸ்ல ஒரு வீடு வருது சார், ரேட்டு கம்மி, மாசம் பொறந்தா வாடகை கைக்கு வந்துரும்" என்று புரோக்கர் வந்து நிற்கிறார். ரிட்டையர்மென்ட் பணத்தையும் மகள் கல்யாணத்துக்குக் கட்டிய சீட்டுப் பணத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது வீட்டை இழந்த கரையோரக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை இந்த வீடுகள். குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய வீட்டை விற்கக் கூடாது, உள்வாடகைக்கும் விடக் கூடாது. மீறினால் ஒதுக்கீடே ரத்தாகும். அந்த வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. இந்த விதி மாறவில்லை.

இப்படி வாங்கியவர்கள் வைத்திருக்கும் காகிதங்களைப் பார்த்திருக்கிறேன். முத்திரைத்தாளில் ஓர் அக்ரிமென்ட், அதன் மேல் நோட்டரி சீல், அசல் ஒதுக்கீட்டு ஆணை, பழைய கரண்ட் அட்டை, ஒரு பவர் பத்திரம். கிரயப் பத்திரம் கிடையாது. இந்தக் காகிதக் கட்டை நம்பி எந்த வங்கியும் கடன் தராது, நாளைக்கு வாரியம் கதவில் நோட்டீஸ் ஒட்டினால் எங்கேயும் போய்க் கேட்கவும் முடியாது. இன்னொன்றும் உண்டு. சுனாமிக்குப் பிறகு கட்டித்தரும் வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்பது 2005-ல் தமிழக அரசு வகுத்த கொள்கை. நான் பார்த்த அக்ரிமென்ட் பலவற்றில் கையெழுத்துப் போட்டிருப்பவர் கணவர் மட்டும்தான். அந்த அம்மா "எனக்குத் தெரியவே தெரியாது" என்று நாளைக்குச் சொன்னால் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு, வலைக் கடன், படகு எஞ்சின் பழுது என்று கழுத்தை நெரிக்கும்போது கையெழுத்துப் போடுகிறார்கள். போட்டுவிட்டு மறுபடி கரையோரம் ஷீட்டு போட்ட கொட்டகைக்கே திரும்புகிறார்கள். அடுத்த புயலுக்கு முதலில் ஓட வேண்டியவர்களும் அவர்கள்தான். அவர்கள் காலிசெய்த வீட்டில் வரும் வாடகையை முதலீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பணம் ஏன் அந்தப் பக்கம் போகிறது என்பதையும் அரசு யோசிக்க வேண்டும். நேர்வழியில் போட இடம் இல்லை. கொரோனா ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய கொடுமைக்குப் பிறகு, 2020 ஜூலையில் மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சொந்த நிலத்தில் கட்டி 25 ஆண்டு நடத்துபவர்களுக்கு வருமான வரிச் சலுகை, ஜிஎஸ்டி விலக்கு எல்லாம் உண்டு என்றார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் குறைந்தது 40 வீடுகளாவது கட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் அரை கிரவுண்டில் நாலு போர்ஷன் வைத்திருப்பவர் இதில் எங்கே நுழைவது? மணலி கம்பெனிகளுக்கும் காசிமேடு துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிற ஏழைகள் குடியிருப்பதோ அந்தப் போர்ஷன்களில்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் தந்தார்கள். குடும்பத்துக்கு அது உதவியது. ஆனால் இந்தப் போர்ஷன்களில் தண்ணீர் வடிந்த பிறகும் இடுப்பு உயரத்துக்கு ஓதம் நின்ற சுவரும், காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிந்த கூரையும், ஊறி உப்பிப்போய் மூட முடியாத கதவும் அந்தப் பணத்தில் சரியாகிவிடுமா? கையில் காசுள்ள ஓனர் பழுது பார்த்து வாடகையை ஏற்றினார். இல்லாதவர் அப்படியே விட்டார். இரண்டிலும் அடிபட்டது குடியிருந்தவர்தான்.

அமெரிக்காவில் லூயிசியானா மாநிலம் இப்படிச் சேதமான வாடகை வீடுகளுக்கென்றே ஒரு வழி செய்தது. சுனாமிக்கு எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்டில், கத்ரீனா புயல் அடித்தது. அதில் சேதமான சிறு வாடகைக் கட்டடங்களை, நாலு வீடு வரை உள்ளவற்றை, பழுதுபார்க்க ஓனர்களுக்கு அரசு கடன் தந்தது. குறைந்த வருமானக்காரருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் குறிப்பிட்ட ஆண்டுகள் விட்டால் அந்தக் கடன் தள்ளுபடி. முதலில் அங்கேயும் சறுக்கினார்கள். ஓனர் முதலில் தன் கைக்காசைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும், பிறகுதான் அரசுப் பணம் என்றார்கள். கைக்காசு இல்லாதவருக்கு வங்கியும் தராததால் வீடுகள் பாழாகக் கிடந்தன. பிற்பாடு விதியை மாற்றிப் பணத்தை முன்னால் தர வேண்டியதாயிற்று.

நம் அரசு இதைச் செய்ய முடியும். பழுதுபார்க்கும் பணத்தைத் தவணையாக, வேலை நடக்க நடக்கத் தரட்டும். வாங்குகிற ஓனர் பத்து வருடத்துக்கு அரசு சொல்லும் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அட்வான்ஸ் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது, ஏற்கெனவே குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்லக் கூடாது, 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் போர்ஷன்கள் உண்டு. இந்த நிபந்தனைகளுக்கு நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் மழையில் சேதமான வாடகைப் போர்ஷன்கள் எத்தனை என்ற கணக்கெடுப்பை மாநகராட்சி அடுத்த ஐப்பசிக்குள் தொடங்க வேண்டும். உங்கள் நிருபர்கள் அதிகாரிகளிடம் இதைக் கேட்டு எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
வாசகர், திருவொற்றியூர், சென்னை-19