கேண்டிட் படம் கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களிலும், ஹோட்டலாக மாறிய பழைய மாளிகைகளிலும் திருமணம் வைக்கும் நம் குடும்பங்கள் பலவும் ‘கேண்டிட் படம் (இயல்பாக இருக்கும்போதே எடுப்பது) போதும், நிற்கவைத்து எடுக்க வேண்டாம்’ என்கின்றன. நல்ல விருப்பம்தான். ஆனால் நடப்பதை நடப்பது போலவே எடுக்க முன்னேற்பாடு இன்னும் அதிகம் வேண்டும். அதைப் படக்கலைஞரிடம் பேசாமலே முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

தேவாலயத்தில் யார் எங்கே நிற்கலாம், ஆராதனை நடுவே நகரலாமா, பிளாஷ் போடலாமா என்பதெல்லாம் ஆயரின் முடிவு. கடைசி வரிசையைத் தாண்டக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் அருகிலிருந்து எடுக்கும் 35 மி.மீ. லென்ஸால் பயனில்லை, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் 70-200 மி.மீ. லென்ஸ் வேண்டும். ஆகவே ஒத்திகை நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

பிளாஷ் இல்லாமல் எடுப்பதே அந்த இடத்துக்கு மரியாதை, படத்துக்கும் அழகு. பழைய தேவாலயங்களில் பீடம் பெரும்பாலும் கிழக்கே இருக்கும், அதன் பின்னால் பெரிய சன்னல். காலைத் திருமணத்தில் அந்த வெளிச்சத்தை நம்பி கேமரா தானாகக் கணக்குப் போட்டால் மணமக்கள் முகம் கறுத்துப்போகும். முகத்தில் விழும் வெளிச்சத்தை அளந்து, கேமராவை மேனுவலில் (கையால் அமைக்கும் முறையில்) வைக்க வேண்டும், சன்னல் வெளுத்தாலும் பரவாயில்லை. இருட்டான கல் கட்டடத்துக்குள் லென்ஸை அகலத் திறந்து எஃப் 1.8, ஷட்டர் வேகம் 1/200 நொடி என்று வைத்து, ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை போக நேரிடும். படத்தில் குருணை போலப் புள்ளிகள் தெரியும்தான். ஆனால் ஷட்டர் வேகத்தைக் குறைத்து அசைந்துபோன முகத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரிலும் ஒரு சிக்கல். கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சார், காட்சியை வரிவரியாகப் படிக்கிறது. சில எல்இடி விளக்குகளோ கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடித்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். இங்கிலாந்தில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) என்பதால் ஷட்டர் வேகம் 1/100 நொடி வைத்தால் பல விளக்குகளில் கோடு மறையும், எல்லாவற்றிலும் அல்ல. முன்கூட்டியே போய் நாலு படம் எடுத்துப் பார்க்காத கலைஞருக்கு இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

மாளிகை ஹோட்டலில் சிக்கல் வேறு. ஓக் பலகைச் சுவரில் பிளாஷைத் திருப்பி அடித்தால் வெள்ளைச் சேலையும் பழுப்பாகும். மணப்பெண் அலங்கார அறையில் மஞ்சள் பல்பும் சன்னல் வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். பல்புகளை அணைத்துவிட்டு நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போடுங்கள், அது போதும்.

ஹோட்டலில் நடக்கும் சிவில் திருமணத்தில் (மதச் சடங்கில்லாத பதிவுத் திருமணத்தில்) பதிவாளர் சொல்வதே சட்டம். 2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய பெரிய பதிவேட்டில் கையெழுத்திடும் முறை இல்லை, தனித் தாளில்தான். அதில் சொந்த விவரங்கள் இருப்பதால் அருகே போய் எடுக்கும் முன் அனுமதி கேட்பது நல்லது.

கடைசியாக, குடும்பப் படங்கள். பெரியப்பா வீடு, சித்தி வீடு என்று 10 குழு வந்தால், குழுவுக்கு 3 நிமிடம் வைத்தாலும் அரை மணி நேரம். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட உறவினர் ஒருவரை நியமியுங்கள். டிசம்பரில் லண்டன் பக்கம் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். 2 மணித் திருமணம் என்றால் ஹோட்டலுக்குப் போய் எடுக்கலாம் என்று தள்ளிப்போடாமல், தேவாலய வாசலிலேயே முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருமணப் படக்கலைஞர் ஒருவர்